‘நடுத்தரம்’ என்ற சொல்லை நம்பி ஆற்றில் இறங்கலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாறைகளுக்கு நடுவே நீர் சீறிப் பாயும் விரைவோட்ட ஆறுகளில் கயாக் என்னும் குறுகிய சிறு துடுப்புப் படகைச் செலுத்துவது பற்றித் தங்கள் நாளிதழின் வார இணைப்பில் வெளிவந்த கட்டுரையை ஆர்வத்தோடு படித்தேன். இந்த விளையாட்டைப் பற்றித் தமிழில் எழுதுவோர் மிகக் குறைவு என்பதால் அதற்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியதற்கு முதலில் நன்றி. ஆனால், மூன்றாம் தர ஓட்டம் நடுத்தரமானதுதான், கொஞ்சம் துணிச்சலும் உடல் வலுவும் இருந்தால் யாரும் இறங்கலாம் என்ற பொருளில் அதில் இருந்த ஒரு வரி இரண்டு நாள்களாக என் மனத்தை உறுத்திக்கொண்டே இருக்கிறது. பல ஆண்டுகளாகத் துடுப்புப் பிடித்து வருபவன் என்ற முறையில் அந்த ஒரு வரியைப் பற்றி மட்டும் எழுத அனுமதிக்க வேண்டுகிறேன்.

விரைவோட்டங்களின் கடினத்தை ஒன்று முதல் ஆறு வரை தரம் பிரிப்பது சர்வதேச வழக்கம். ஆறில் மூன்று என்றதும் நூற்றுக்கு ஐம்பது மதிப்பெண் போலத் தோன்றுவது இயல்பே. ஏமாற்றம் தொடங்கும் இடமும் அதுதான். இரண்டாம் தரத்தில் வழி அகலமாகவும் தெளிவாகவும் இருக்கும். துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தாலும் படகு பெரும்பாலும் தானாகவே கீழே போய்ச் சேர்ந்துவிடும். மூன்றாம் தரத்தில் அலைகள் ஒழுங்கின்றி எழும், அவற்றில் பலவற்றை ஒதுக்கிப் போக இடமிருக்காது, குறுகிய இடைவெளிகளில் வேகமான நீருக்கு நடுவே படகை நாம் நினைத்த இடத்தில் திருப்பியே ஆக வேண்டும். ஒரு தரம்தான் கூடியிருக்கிறது என்றாலும், ஆறு நம்மைக் கொண்டுபோவதற்கும் நாம் படகைக் கொண்டுபோவதற்கும் உள்ள வேறுபாடு அந்த ஒரு தரத்தில்தான் இருக்கிறது.

அதைவிட முக்கியமானது, அந்த எண் எல்லா நாளுக்கும் பொருந்துவதன்று என்பது. ஒரு கனமீட்டர் நீரின் எடை ஒரு டன். நொடிக்கு 30 கனமீட்டர் ஓடும் ஆற்றில், ஒவ்வொரு நொடியும் 30 டன் எடை நம்மைக் கடந்து போகிறது. மேற்பகுதியில் இரவெல்லாம் மழை பெய்து அது 60 ஆகிவிட்டால், முந்தைய நாள் மூன்றாம் தரமாக இருந்த அதே வளைவு மறுநாள் நான்காம் தரமாக நிற்கலாம். நீரின் வேகம் இரு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும் என்பதையும் இதோடு சேர்த்து எண்ணிப் பார்க்க வேண்டும். நேற்று இளைப்பாறிய இடங்கள் இன்று நீரில் மூழ்கிக் காணாமல் போயிருக்கும். நீர் குறைந்த நாள் பாதுகாப்பானது என்பதும் தவறு. அப்போது பாறைகள் தலைதூக்கி நிற்க, படகு குறுக்கே சிக்கிக்கொள்ளும் வாய்ப்பு கூடுகிறது. நீரின் வெப்பநிலை 10 டிகிரி செல்சியசுக்குக் கீழே இருந்தால் ஓட்டத்தை ஒரு தரம் கூடுதலாகவே கணக்கிட வேண்டும் என்பது மூத்த துடுப்பாளர்கள் கற்றுத் தருவது. ஆகவே, ஓர் ஆற்றின் தரத்தை மட்டும் அச்சிட்டு, அது எந்த நீர்மட்டத்துக்கு உரியது என்பதைச் சொல்லாமல் விட்டால் வாசகருக்குப் பாதிச் செய்திதான் போய்ச் சேருகிறது.

கட்டுரை துணிச்சலைப் பற்றி நிறையப் பேசியது. நீரைப் படிப்பதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. நடுத்தர ஓட்டத்தில் இறங்குபவருக்கு வேண்டிய முதல் திறமை அதுதான். இரு பாறைகளுக்கு நடுவே நீர் மழமழவென்று ஒரு நாக்கைப் போல நீண்டு கீழ்நோக்கிக் கூர்ந்தால், அது பெரும்பாலும் வழி. கூர்முனை மேல்நோக்கி நம்மைப் பார்த்து நின்றால், அதனடியில் பாறை இருக்கிறது. பாறையின் பின்மறைவில் நீர் எதிர்த்திசையில் மெல்ல ஏறிவரும் இடத்தை ‘எடி’ என்கிறோம். விரைவோட்டத்தின் நடுவே நின்று மூச்சு வாங்கவும், அடுத்த வளைவைப் பார்க்கவும், பின்னால் வருபவருக்குக் காவல் நிற்கவும் ஆறு தரும் ஒரே திண்ணை அது.

அந்தத் திண்ணையில் ஏறுவது எளிதன்று. கீழே போகும் நீரும் மேலே வரும் நீரும் உரசும் கோடு ஒன்று உண்டு. கூர்ந்து பார்த்தால் அங்கே சிறு சுழிகள் வரிசையாகத் திறந்து மூடுவது தெரியும். படகின் மூக்கை அந்தக் கோட்டின் மேல்முனையில், பாறைக்கு மிக அருகில், வேகத்தோடு குத்தி நுழைக்க வேண்டும். மூக்கு ஒரு நீரிலும் வால் மற்றொரு நீரிலுமாக இருக்கும் அந்த நொடியில், வளைவில் மிதிவண்டி ஓட்டுபவர் சாய்வதைப் போலத் திரும்பும் பக்கமாகவே சாய வேண்டும். பயந்து எதிர்ப்பக்கம் சாய்ந்தால் எதிர்வரும் நீர் படகின் விளிம்பில் ஏறி நம்மைக் கவிழ்த்துவிடும். புயவலி இதற்குத் துணை செய்யலாமே தவிர, இதைக் கற்றுத் தராது. அமைதியான நீரிலும் பிறகு இரண்டாம் தர ஓட்டத்திலும் நூறு முறை எடிக்குள் போய் வந்த உடலுக்குத்தான் இந்தச் சாய்வு யோசிக்காமல் வரும்.

என் வாழ்வில் நேர்ந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். ஒரு மூன்றாம் தர ஓட்டத்தின் பெரும்பகுதியை நன்றாகவே கடந்து, கடைசி விரைவோட்டத்தின் அடியில் கவிழ்ந்தேன். ரோல் செய்து, அதாவது படகில் இருந்தபடியே உருண்டு, நிமிர மூன்று முறை முயன்றும் முடியாமல், நீர் புகாதபடி இடுப்பைச் சுற்றிப் படகின் வாயை மூடும் துணியான ஸ்பிரே ஸ்கர்ட்டின் வளையத்தை இழுத்துப் படகை விட்டு வெளியேறினேன். நீர் இடுப்பளவுதான் இருந்தது. கரை பத்தடி தொலைவில் தெரிந்தது. எழுந்து நிற்கலாம் என்று வலக் காலை ஊன்றினேன். இரண்டு கற்களுக்கு நடுவே பாதம் வழுக்கிக் கணுக்கால் வரை இறங்கிச் சிக்கியது. மறுகணமே முதுகில் நீர் ஏறி என்னை முன்பக்கமாக மடித்துக் கவிழ்த்தது. முகம் நீருக்குள் போனது. இடுப்பளவு நீரில் ஒருவர் எப்படி மூழ்க முடியும் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. காலணியின் கயிறு தளர்ந்திருந்ததால் பாதம் மட்டும் உருவிக்கொண்டு வெளியே வந்தது. காலணி அந்த இடுக்கிலேயே நின்றுவிட்டது. கயிற்றை இறுக்கிக் கட்டியிருந்தால் இந்தக் கடிதத்தை நான் எழுதியிருக்க மாட்டேன்.

ஓடும் நீர் முழங்காலுக்கு மேல் இருக்கும் வரை எழுந்து நிற்கக் கூடாது என்பது பயிற்சியின் முதல் நாளிலேயே எனக்குச் சொல்லப்பட்ட விதி. மல்லாந்து, கால்களை ஆற்றின் போக்கில் நீட்டி, பாதங்களை நீர்ப்பரப்பை ஒட்டித் தூக்கி வைத்துக்கொண்டு கரைப்பக்கமாகக் கையால் தள்ளிப் போக வேண்டும். இதற்கு விலக்கு, ஆற்றில் சாய்ந்து கிடக்கும் மரம். கிளைகளுக்கு நடுவே நீர் வடிகட்டியில் போவதைப் போலப் போய்விடும். ஆள் போக முடியாது. விலகவே வழியில்லை என்றால் குப்புறத் திரும்பி, தலை முன்னே இருக்க அதை நோக்கி நீந்தி, மரத்தின் மேல் ஏறிவிட வேண்டும். இவையெல்லாம் எனக்குத் தெரிந்தவைதான்; ஆனாலும் அந்த ஒரு நொடியில் கால் தானாகக் கீழே போனது. பல ஆண்டு பயிற்சி பெற்ற எனக்கே இப்படி என்றால், விதியையே கேள்விப்படாத ஒருவர் துணிச்சலை மட்டும் நம்பி இறங்கினால் என்ன ஆவார் என்று நினைக்கவே அச்சமாக இருக்கிறது.

உயிர்காப்பு அங்கி, தலைக்கவசம் பற்றிக் கட்டுரை சரியாகவே சொன்னது. ஆனால் உடன் வந்த படத்தில் இருந்தவரின் தலைக்கவசப் பட்டி மாட்டப்படாமல் தொங்கியது. படத்தைப் பார்த்துக் கற்பவர்களும் உண்டு என்பதால் இதைக் குறிப்பிடுகிறேன். நீரில் விழுந்தவரை இழுத்துக் கரை சேர்க்க, 15 முதல் 20 மீட்டர் கயிறு அடங்கிய எறிபையும் அதை எறியப் பழகிய கையும் குழுவில் இருக்க வேண்டும். குறைந்தது மூன்று படகுகளாவது சேர்ந்து போக வேண்டும். பார்க்க முடியாத வளைவு வந்தால் கரையேறி நடந்துபோய்ப் பார்க்கவும், மனம் ஒப்பாவிட்டால் படகைத் தோளில் சுமந்து அந்த இடத்தைக் கடக்கவும் தயங்கக் கூடாது. அப்படிச் சுமந்து நடப்பவரை நாங்கள் யாரும் கோழை என்று சொல்வதில்லை.

கட்டுரையின் அடுத்த பகுதி விரைவில் வரும் என்று அறிவித்திருக்கிறீர்கள். அதில், ஒவ்வொரு தரமும் நீர்மட்டத்தோடு மாறும் என்பதையும், மூன்றாம் தரத்தில் இறங்கும் முன் ஒருவர் எடிக்குள் நுழையவும் வெளியேறவும், கவிழ்ந்தால் வெளிவரவும், விரைவோட்டத்தில் நீந்தவும் பழகியிருக்க வேண்டும் என்பதையும் ஒரு பெட்டிச் செய்தியாகவாவது சேர்க்கக் கேட்டுக்கொள்கிறேன். இடம் இருந்தால் தடுப்பணைகளைப் பற்றியும் எழுதுங்கள். நான்கடி உயரத்திலிருந்து ஒரே சீராக விழும் அந்த நீர், பார்வைக்கு அடங்கியதாகத் தோன்றினாலும், அடியில் ஆற்றின் முழு அகலத்துக்கும் உருண்டு உருண்டு மேல்நோக்கித் திரும்பி, விழுந்தவரையும் படகையும் வெளியே விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். எந்தத் தரப் பட்டியலிலும் அதற்கு எண் இல்லை என்பதாலேயே பலர் அதன் மேல் படகை விட்டுவிடுகிறார்கள்.

இங்ஙனம்,
தங்கள் நீண்டநாள் வாசகன்