அமெரிக்க மிஷன் பெண்களின் வாழ்வும் எழுதப்பட வேண்டும்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷன் ஆற்றிய பணிகள் பற்றி நமது பத்திரிகைகளில் வரும் கட்டுரைகளைப் பல ஆண்டுகளாக விடாமல் வாசித்து வருகிறேன். 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினரி என்ற உயர்கல்வி நிலையம், 1841இல் வெளிவந்த உதயதாரகைப் பத்திரிகை, 67,000க்கும் மேற்பட்ட சொற்களைக் கொண்ட மிஷனரி வின்சுலோவின் 1862ஆம் ஆண்டுத் தமிழ்-ஆங்கில அகராதி ஆகியவை அவற்றில் தவறாமல் இடம்பெறுகின்றன, இடம்பெறவும் வேண்டும். ஆனால் அந்த அகராதியைத் தொகுத்தவரின் வீட்டில் பிள்ளை பிறந்ததும், அந்தப் பிள்ளையைக் கடல் கடந்து அனுப்பிவிட்டுத் தாய் இங்கே இருந்ததும் அக்கட்டுரைகளில் வருவதில்லை. அக்குறை தீர வேண்டும் என்பதற்காகவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

1816இல் முதலில் வந்த மிஷனரிகளுக்குத் தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் கிடைத்தவை கூரை இழந்து கிடந்த போர்த்துக்கேயர் காலத்துக் கட்டடங்களே. அவர்களில் எட்வேட் வாரன் 1818இலும் ஜேம்ஸ் ரிச்சாட்ஸ் 1822இலும் நோயினால் இறந்தனர். 1819 யூன் மாதத்தில் பொஸ்டன் துறைமுகத்தில் கப்பலேறிய ஹரியற் வின்சுலோவுடனும், பின்னாளில் அகராதியைத் தொகுத்த அவரது கணவருடனும் மருத்துவர் ஜோன் ஸ்கடரும் அவர் மனைவியும் தங்கள் சிறு மகளோடு புறப்பட்டார்கள். அந்தக் குழந்தையைக் கல்கத்தாவில் அடக்கம் செய்துவிட்டே அவர்கள் இலங்கைக்கு வந்து சேர்ந்தார்கள். அதற்கு அடுத்த ஆண்டு அச்சுக்கலைஞராக வந்த ஜேம்ஸ் கரற்றை இங்கே தங்கவிடாமல் ஆங்கிலேய அரசு திருப்பி அனுப்பியது. 1833 வரை புதிய அமெரிக்க மிஷனரிகள் எவரையும் அது அனுமதிக்கவில்லை. ஆள் குறையக் குறைய, எஞ்சியவர்களின் தலையில், குறிப்பாக வீட்டையும் பள்ளியையும் ஒருங்கே பார்த்த பெண்களின் தலையில், பாரம் ஏறிக்கொண்டே போயிற்று.

1824இல் உடுவிலில் பெண்களுக்கான விடுதிப் பாடசாலை ஹரியற் வின்சுலோவின் பொறுப்பில் தொடங்கியது. திருமணம் ஆகும்வரை மகளைப் பாடசாலையிலேயே விடுவதாகப் பெற்றோரிடம் எழுதி வாங்கப்பட்டது; மணமாகும் மாணவிக்கு மிஷனே சீதனமும் கொடுத்தது. பெண்பிள்ளையை அந்நியர் கையில் ஒப்படைத்துவிட்டு வீடு திரும்பிய தாய்மாரின் கலக்கத்தை நாம் எளிதில் உணர்ந்துகொள்கிறோம். அவர்களிடம் அந்தப் பிள்ளைகளைக் கேட்டு வாங்கிய அம்மையாரின் வீட்டிலும் அதே கலக்கம் இருந்தது. யாழ்ப்பாணத்திலே பிறந்த தம் மகன் சார்ள்ஸைப் படிப்புக்காக அவர் அமெரிக்காவுக்கு அனுப்பினார். சிறுவன் 1832இல் அங்கே இறந்தான். பாய்க்கப்பலில் கடிதம் வந்து சேர மாதக்கணக்காகும் காலம் அது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று கேள்விப்படும்போது அந்தப் பிள்ளை எப்போதோ எழுந்து நடமாடத் தொடங்கியிருக்கலாம், அல்லது மண்ணுக்குள் போயிருக்கலாம். 1833 சனவரியில் ஹரியற்றும் காலமானார். மிஷன் குடும்பங்கள் பலவற்றில் பிள்ளைகள் வளர்ந்ததும் இப்படித்தான் பிரித்து அனுப்பப்பட்டார்கள். அந்தப் பிரிவைச் சரியென்று நான் சொல்லவில்லை; ஒரு தாயாக என்னால் அதை ஏற்கவும் முடியவில்லை. ஆயினும் அதை அறியாமல் உடுவிலின் கதையை நாம் அறிந்ததாகச் சொல்ல முடியாது.

மகிழ்ச்சிகளும் இருந்தன, அவற்றில் ஒன்று என் குடும்பத்தோடும் தொடர்புடையது. என் அம்மம்மாவின் தாயார், 1840இல் தனியொரு பெண்ணாக இங்கு வந்த எலைசா அக்னியூ அம்மையாரிடம் படித்தவர். நியூயோர்க்கில் பிறந்த அம்மையார் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஒருமுறைகூடத் தாய்நாட்டுக்குத் திரும்பாமல் 1883இல் மானிப்பாயில் இறந்தார். தமக்கென்று பிள்ளை இல்லாத அவரை ‘ஆயிரம் புதல்வியரின் தாய்’ என்று அழைத்தார்கள். தாய், மகள், பேத்தி என ஒரே குடும்பத்தின் மூன்று தலைமுறைகள் அவரிடம் பாடம் கேட்டன. மணமாகிப் போன மாணவிகளின் வீடுகளுக்கு அவர் தேடிச் சென்று வருவார் என்றும், அவருக்கு இளநீர் வெட்டிக் கொடுப்பதற்கு வீட்டுப் பிள்ளைகள் முந்திக்கொள்வார்கள் என்றும் அம்மம்மா தம் தாயார் சொல்லக் கேட்டதாக எங்களுக்குச் சொல்லுவார். இத்தகைய சிறு செய்திகள் எந்த ஆண்டறிக்கையிலும் இருப்பதில்லை.

ஆண்களில், மேலை மருத்துவ நூல்களைத் தமிழாக்கிய மிஷன் மருத்துவர் சாமுவேல் கிறீனையும் அவரது மொழிபெயர்ப்புகளோடு நிறுத்திவிடுகிறோம். தம்மிடம் மருத்துவம் கற்கும் இளைஞர்கள் தொப்பியும் கோட்டும் காற்சட்டையும் அணிந்து சொந்தச் சனங்களுக்கு அந்நியராகிவிடக் கூடாது என்று அவர் கவலைப்பட்டார். 1873இல் ஊர் திரும்பிய பின்னும் தமிழ் மருத்துவ நூல் வேலையை அவர் விடவில்லை. தாம் தமிழருக்கு மருத்துவ ஊழியம் செய்தவர் என்பதே தம் கல்லறையில் இருக்க வேண்டும் என்று விரும்பினார். அமெரிக்காவின் வூஸ்ரர் நகரில் அக்கல்வெட்டு அப்படியே பொறிக்கப்பட்டது.

மதமாற்றம் குறித்து நாவலர் காலந்தொட்டு நடந்துவரும் விவாதத்தையும், அதில் நியாயமான மனக்குறைகள் உண்டென்பதையும் நான் அறிவேன். அந்த விவாதத்தில் எப்பக்கம் நிற்பவரும் கீழுள்ள வேண்டுகோளுக்கு உடன்படலாம்.

நம் ஊர்களின் பழைய தேவாலய வளவுகளிலே அந்தப் பெண்களின், குழந்தைகளின் கல்லறைகள் இருக்கின்றன. மழையிலும் வெயிலிலும் எழுத்துகள் தேய்ந்து வருகின்றன; சிலவற்றில் விரலால் தடவித்தான் பெயரை வாசிக்க வேண்டியிருக்கிறது. உயர்தர வகுப்பு மாணவர்களைக் கொண்டு அவற்றைப் பிரதியெடுத்து, பெயர், வயது, இறந்த ஆண்டு ஆகியவற்றோடு தங்கள் வார இதழில் ஊர் ஊராக வெளியிட்டால் பெரும் உதவியாக இருக்கும். கூடவே, மிஷன் பாடசாலைகளில் படித்த பாட்டிமாரின் கடிதங்கள், தையல் துணிகள், பரிசுப் புத்தகங்கள் முதலியவற்றை வைத்திருக்கும் வாசகர்கள் அவற்றின் படங்களைத் தங்களுக்கு அனுப்பிவைக்குமாறு ஓர் அறிவித்தலும் வெளியிட வேண்டுகிறேன். அம்மம்மா எனக்குத் தந்த, ஓரத்தில் குறுக்குத் தையல் போட்ட ஒரு சிறு துணி என்னிடம் இருக்கிறது. அதன் படத்தை இக்கடிதத்துடன் இணைத்துள்ளேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
உடுவில்.