ஸ்பிரிங் கம்ப்ரெசரை ஏன் உடனே எடுத்துக் கொடுப்பதில்லை?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். ஜாக்கி கேட்டால் தருகிறோம், டார்க் ரென்ச் கேட்டால் தருகிறோம், ஸ்பிரிங்கைக் கொக்கிகளால் பிடித்து அமுக்கும் ஸ்பிரிங் கம்ப்ரெசர் கேட்டால் மட்டும் இழுத்தடிக்கிறோம் என்று சிலருக்கு வருத்தம். தர மாட்டோம் என்றில்லை. கால் மணி நேரம் நின்று பார்த்துவிட்டு எடுத்துப் போங்கள் என்கிறோம், அவ்வளவுதான்.

சின்ன கார்களில் முன்பக்கம் ஷாக் அப்சார்பரைச் சுற்றியே ஸ்பிரிங் உட்கார்ந்திருக்கும். அந்த மொத்த உருப்படிதான் ஸ்ட்ரட். அதை வண்டியிலிருந்து கழற்றித் தரையில் வைத்த பிறகும் ஸ்பிரிங் அழுத்தத்தில்தான் இருக்கிறது. அதைப் பிடித்து வைத்திருப்பது உச்சியில், நடுவில் இருக்கும் ஒரே ஒரு நட்டு. ஒரு மில்லிமீட்டர் அமுங்க இரண்டு கிலோ பாரம் என்று வைத்துக்கொண்டாலும், 15 சென்டிமீட்டர் அமுங்கிய ஸ்பிரிங் 300 கிலோ விசையோடு காத்திருக்கிறது. விட்டால், 10 கிலோ எடைக்கல் இரண்டு மீட்டருக்கும் மேலிருந்து தலையில் விழுவது போல.

எங்கள் பட்டறையிலேயே ஒருமுறை நடந்தது. வேலைக்குப் புதிதாக வந்த தம்பி கம்ப்ரெசரின் இரண்டு கொக்கிகளையும் நேரெதிராக மாட்டாமல் கொஞ்சம் பக்கத்தில் பக்கத்தில் மாட்டிவிட்டான். முடுக்க முடுக்க ஸ்பிரிங் வாழைக்காய் மாதிரி வளைந்தது. ஒரு கொக்கி வழுக்கியதும் ஸ்பிரிங் எகிறிப் போய்க் கூரை ஷீட்டை உடைத்தது. நல்லவேளை, அதன் நேருக்கு நேர் யாரும் இல்லை. ஷீட்டை ஒட்டுப் போட்டு அடைத்திருக்கிறோம். வந்தால் நிமிர்ந்து பாருங்கள்.

ஆகவே கொக்கிகள் எதிரெதிரே இருக்க வேண்டும், ஸ்பிரிங்கின் வளையங்களில் முடிந்தவரை அதிகமானவற்றைச் சேர்த்துப் பிடிக்க வேண்டும். கொக்கி வழுக்காமல் பூட்டும் ஊசி (லாக் பின்) இருந்தால் கட்டாயம் போடுங்கள். கம்ப்ரெசர் போல்ட்டின் மறையில் கிரீஸ் தடவி, இந்தப் பக்கம் இரண்டு சுற்று, அந்தப் பக்கம் இரண்டு சுற்று என்று கை ஸ்பேனரால் மாற்றி மாற்றி முடுக்குங்கள். ஏர் கன் வேண்டவே வேண்டாம், மறை தேய்ந்து போகும். ஸ்பிரிங் தன் இருக்கையில் தளர்ந்து கையால் அசைக்க வந்தால் போதும், அதற்கு மேல் அமுக்காதீர்கள். அதன் பிறகுதான் நடு நட்டு. அப்போதும் ஸ்ட்ரட்டின் இரு முனைகளும் உங்களையோ, வேடிக்கை பார்க்கும் பிள்ளைகளையோ நோக்கி இருக்கக் கூடாது.

கம்பி, கயிறு, லாரிப் பட்டை போட்டுக் கட்டிக் கழற்றலாம் என்று சொல்பவர்கள் உண்டு. கேட்காதீர்கள்.

இன்னொரு தப்பு அடிக்கடி நடக்கிறது. பானெட்டைத் திறந்ததும் ஸ்ட்ரட்டின் தலையில் சுற்றிலும் சில நட்டுகள், நடுவில் ஒன்று தெரியும். வண்டியிலிருந்து இறக்க ஓரத்து நட்டுகள் மட்டும்தான். சக்கரம் தூக்கிய நிலையில் நடு நட்டைக் கழற்றினால் என்ன ஆகும் என்று எழுத வேண்டியதில்லை.

பின்பக்கத்துக்கு இவ்வளவு பயம் வேண்டாம். ஸ்விஃப்ட் போன்றவற்றில் ஸ்பிரிங் தனி, ஷாக் தனி. வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, அச்சுக்கு அடியில் ஜாக்கி கொடுத்து, ஷாக்கின் கீழ் போல்ட்டைக் கழற்றி மெல்ல இறக்கினால் ஸ்பிரிங் தானே தளர்ந்துவிடும். பிரேக் ஹோஸ் இழுபடாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய அம்பாஸடர் வைத்திருப்பவர்கள் இந்த மடலைப் படித்ததே வீண். அதில் முன்னால் டார்ஷன் பார் என்ற முறுக்குக் கம்பி, பின்னால் பட்டை ஸ்பிரிங்.

திரும்பப் பூட்டும்போது ஸ்பிரிங்கின் முனை கீழ் இருக்கையின் பள்ளத்தில் சரியாக உட்கார்ந்ததா என்று பார்த்த பிறகே கொக்கிகளைத் தளர்த்துங்கள். வேலை முடிந்ததும் அலைன்மென்ட் பார்த்துவிடுங்கள்.

ஸ்பிரிங் உடைந்திருந்தால் வீட்டில் தொடவே வேண்டாம். கொக்கிக்குச் சரியான பிடி கிடைக்காது. ஸ்ட்ரட்டை அப்படியே கழற்றிச் சாக்கில் போட்டுக் கொண்டு வாருங்கள், ஸ்பிரிங் மாற்றும் கூலி மட்டும் வாங்கிக்கொள்கிறோம். கம்ப்ரெசர் வேண்டுமென்றால் சனிக்கிழமை மாலை 5 மணிக்கு மேல் வாருங்கள். அந்த நேரத்தில் கூட்டம் குறைவு, நிதானமாகச் செய்து காட்ட முடியும்.

இப்படிக்கு,
உங்கள் பட்டறைக்காரர்கள்