புதிய எருசலேம் ஆலயத்தை எனக்குக் காட்டித் தந்தவர்களுக்கு

தரங்கம்பாடி அன்பர்கள் எல்லாருக்கும் ஸ்தோத்திரம்.

ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்காக இந்த ஆலயத்தைப் பற்றி நான் எழுதிவந்த சிறு நூல் முடிந்துவிட்டது. ஆலயம் இருக்கும் ராஜ வீதிக்கு முதன்முறை வந்தபோது என்னிடம் இருந்தவை ஆண்டுகள் மட்டும்தான். 1706 ஜூலை 9-இல் ஜெர்மானிய மிஷனரிகளான சீகன்பால்கும் புளூச்சோவும் தரங்கம்பாடியில் கரையிறங்கினார்கள், மறு ஆண்டே முதல் எருசலேம் ஆலயம் எழுந்தது, அது நிலைக்காமல் போகவே 1717-இல் அஸ்திபாரமிட்டு 1718 அக்டோபர் 11-இல் இப்போதைய ஆலயத்தைப் பிரதிஷ்டை செய்தார்கள். இவ்வளவும் மனப்பாடம். ஆனால் ஒரு கட்டடத்தைப் பார்க்க எனக்குத் தெரியாது. அதைக் கற்றுக்கொடுத்தவர்கள் நீங்கள்.

கதவைத் திறந்துவிட்ட பெரியவருக்கு முதல் நன்றி. "உள்ளே போறதுக்கு முன்னாடி அண்ணாந்து பாருங்க தம்பி" என்றீர்கள். வாசலுக்கு மேலே, அன்று தரங்கம்பாடியை ஆண்ட டென்மார்க் மன்னர் நான்காம் பிரடெரிக்கின் கிரீடமும் பெயர்ச்சின்னமும், கூடவே 1718 என்ற எண்ணும். உள்ளே, சிலுவை வடிவில் கட்டிய ஆலயத்தின் நடுவில் என்னை நிறுத்திவிட்டு, நீங்கள் சிலுவையின் ஒவ்வொரு கையாகப் போய் நின்று தணிந்த குரலில் சங்கீதம் சொன்னீர்கள். நான்கு பக்கமிருந்தும் சொல் தெளிவாக வந்தது. சிலுவை வடிவத்தை வெறும் அடையாளமென்றே அதுவரை எண்ணியிருந்தேன். பிறகு பேசாமல் பலிபீடத்தருகே அழைத்துப் போனீர்கள். சீகன்பால்கு அங்கேதான் அடக்கமாகியிருக்கிறார். ஆலயம் பிரதிஷ்டையாகி ஐந்து மாதம்கூட ஆகவில்லை, 1719 பிப்ரவரி 23-இல் காலமானார். வயது 36. அந்தக் கணக்கை நான் அறிந்திருந்தும், அங்கே நின்றபோதுதான் அது நெஞ்சில் இறங்கியது.

அளவுநாடாவின் மறுமுனையைப் பிடித்துக்கொண்ட கொத்தனார் அண்ணனுக்கு என்ன சொல்வேன்! ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்தீர்கள். கடலோரத்துப் பழஞ்சுவருக்குச் சுண்ணாம்புக் காரைதான் ஏற்றது, ஈரத்தை வெளியே விடும், மேலே சிமெண்ட் பூசினால் உப்பும் ஈரமும் உள்ளேயே தங்கிச் சுவரைத் தின்றுவிடும் என்று விளக்கினீர்கள். நூலில் ஒரு பக்கம் முழுக்க உங்கள் வார்த்தைதான்.

தமிழாசிரியர் ஐயா, என் கைப்பிரதியில் சிவப்பு மையால் நீங்கள் போட்ட கோடுகள் அப்படியே இருக்கின்றன. தமிழர்கள் மட்டும் ஆராதித்த இடமென்று எழுதியிருந்தேன். போர்ச்சுக்கீசியம் பேசியவர்களுக்கும் அங்கே அந்த மொழியிலேயே ஆராதனை நடந்ததை விட்டுவிட்டாயே என்று கேட்டீர்கள். 1733-இல் குருப்பட்டம் பெற்ற முதல் தமிழ் லுத்தரன் போதகர் ஆரோனைப் பற்றி ஒரே வரியில் கடந்து போனதற்கும் கடிந்துகொண்டீர்கள். இப்போது அவருக்குத் தனி அத்தியாயமே இருக்கிறது.

மூன்று நாளும் தங்க இடம் கொடுத்துச் சாப்பாடு போட்ட அக்கா, பெயர் போட வேண்டாமென்று சொன்னதால் போடவில்லை. தரைப்படத்தை வரைந்தவள் உங்கள் மகள் என்பதை மட்டும் முதல் பக்கத்தில் குறித்திருக்கிறேன், மன்னியுங்கள்.

அச்சானதும் முதல் பிரதிகளோடு நானே வருகிறேன். அந்தச் சங்கீதத்தை இம்முறை பிள்ளைகள் சொல்லட்டும், பெரியவர் நடுவில் நின்று கேட்கட்டும்.

கிறிஸ்துவின் அன்பில்,
உங்கள் தம்பி