அத்தானின் குறட்டையை இதய டாக்டரிடம் சொல்லுங்கள்

அன்புள்ள அக்கா,

இதய ரத்தக்குழாய் அடைப்பைத் திறந்து வைக்கும் ஸ்டென்ட் குழாய் வைத்த பிறகு அத்தான் மாத்திரையைத் தவறவிடுவதில்லை, உப்பையும் குறைத்துவிட்டார், ஆனாலும் பிரஷர் இறங்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். கடைசியில், குறட்டை நடுவில் நின்று திணறலோடு மூச்சு திரும்புகிறது என்று ஒரு வரி. டாக்டர் முதலில் கேட்க வேண்டியது அதைத்தான்.

இது ஸ்லீப் ஆப்னியா என்ற தூக்க மூச்சடைப்பு நோயாக இருக்கலாம். இதில், தூக்கத்தில் தொண்டைத் தசை தளர்ந்து மூச்சுப்பாதை அடைபடுகிறது. நெஞ்சு ஏறி இறங்கும், காற்று மட்டும் போகாது. 10 விநாடி நின்றாலே கணக்கில் சேரும். ஆக்சிஜன் இறங்கியதும் மூளை பதறி அரைகுறையாக விழிக்கிறது. அட்ரினலின் சுரந்து பிரஷர் எகிறுகிறது. மணிக்கு 30 தடவையோ அதற்கு மேலோ என்றால் கடுமையான நிலை.

ஆக்சிஜன் இப்படி இறங்கி ஏறுவதில் ரத்தக்குழாயின் உள்சுவர் கெடுகிறது. ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் எளிதில் ஒட்டிக்கொள்கின்றன. ரத்தம் உறைய உதவும் ஃபைப்ரினோஜன் என்ற புரதம் கூடுகிறது. உறைந்த ரத்தம் கரைவதைத் தடுக்கும் பி.ஏ.ஐ.-1 என்ற புரதமும் கூடுகிறது. ஆஸ்பிரின் தட்டணுக்களை அடக்கும், அடைத்த தொண்டையைத் திறக்காது. அமெரிக்காவின் மினசோட்டாவில் நடந்து 2005-இல் வெளியான ஆய்வில், இந்த நோய் உள்ளவர்களின் திடீர் இதய மரணம் நள்ளிரவுக்கும் காலை 6 மணிக்கும் இடையில்தான் அதிகம். மற்றவர்களுக்கு அது 6 மணிக்குப் பிறகு.

இன்று இரவே நெஞ்சும் முகமும் தெரிய, சத்தத்தோடு இரண்டு நிமிடம் போனில் வீடியோ எடுங்கள். கழுத்துச் சுற்றளவை டேப்பால் அளந்து பாருங்கள், 40 செ.மீ.க்கு மேல் என்றால் சந்தேகம் வலுக்கும். இரண்டையும் காட்டி, தூக்கப் பரிசோதனை வேண்டுமா என்று கேளுங்கள். அதுவரை ஒருக்களித்துப் படுக்கட்டும். மது வேண்டாம், டாக்டரைக் கேட்காமல் தூக்க மாத்திரையும் வேண்டாம், இரண்டும் தசையை இன்னும் தளர்த்தும்.

மாஸ்க் வழியே காற்றை அழுத்தி மூச்சுப்பாதையைத் திறந்து வைக்கும் சி-பாப் கருவியை டாக்டர் எழுதிக்கொடுத்தால், அது மாரடைப்பைத் தடுத்துவிடும் என்று யாரும் உறுதி தர முடியாது. இதையே சோதித்து 2016-இல் வெளியான சேவ் (SAVE) என்ற ஆய்வில் அந்தப் பலன் தெரியவில்லை. ஆனால் அதில் இருந்தவர்கள் சராசரியாக இரவுக்கு 3.3 மணி நேரம்தான் மாஸ்க் போட்டிருந்தார்கள். கருவியைப் போட்டால் மூச்சு நிற்பதும் பகல் தூக்கமும் குறையும், பிரஷரும் ஓரளவு இறங்கும். அதற்கே தூங்கும் நேரம் முழுக்கப் போட வேண்டும். பலர் முதல் வாரத்திலேயே கழற்றி வைத்துவிடுவது எனக்குப் பெரிய வருத்தம். காலையில் வாய் வறண்டால் வாய்வழியே காற்று கசியலாம். மாஸ்க் வகையை மாற்ற வேண்டுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். கண் பக்கம் காற்று அடித்தால், அவர் படுத்தபடியே இருக்க, காற்று ஓடும்போது மாஸ்க்கின் வாரைச் சரிசெய்யுங்கள். கருவியின் காற்றை ஈரமாக்கும் தொட்டியில் காய்ச்சி வடித்த நீரை மட்டும் ஊற்றி, தினமும் மாற்றுங்கள்.

கருவி வந்துவிட்டது என்று ஸ்டென்டுக்கான மாத்திரைகளை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

அன்புடன்,
தம்பி