மாணவர்கள் தட்டிய கதவு

ஆசிரியருக்கு வணக்கம்.

சர்வதேசச் சட்டம் வெறும் காகிதம் என்ற பேச்சு இப்போது அதிகமாகக் காதில் விழுகிறது. ஐ.நா. பாதுகாப்பு கவுன்சிலில் ஒரே ஒரு வல்லரசின் வீட்டோவுக்கு (தீர்மானத்தையே தடுத்துவிடும் வாக்குக்கு) முன்னால் மற்ற நாடுகள் கைகட்டி நிற்பதைப் பார்த்தால் எனக்கும் ஆத்திரம்தான் வருகிறது.

ஆனால் வனுவாட்டுவைப் பாருங்கள். 2015இல் பாம் புயல் புரட்டிப் போட்ட குட்டித் தீவு நாடு. அங்கே 2019இல் பசிபிக் தீவுகளின் சட்ட மாணவர்கள் 27 பேர், பருவநிலையைக் காப்பதில் நாடுகளின் கடமை என்ன என்று சர்வதேச நீதிமன்றத்திடமே கேட்கலாம் என வகுப்பில் பேசினார்கள். அந்த யோசனையைப் பின்னர் அரசே கையில் எடுத்தது. 2023 மார்ச்சில் ஐ.நா. பொதுச்சபை அதை ஏற்று, நீதிமன்றத்திடம் கருத்து கேட்டது. 2025 ஜூலை 23 அன்று, ஹேக் நகரின் சர்வதேச நீதிமன்றத்தில் 15 நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னார்கள்: பருவநிலையைக் காப்பது நாடுகளின் சட்டக் கடமை, தவறினால் இழப்பீடு வரை போகலாம்.

சரி, இது ஆலோசனைக் கருத்துதான், யாரையும் நேரடியாகக் கட்டுப்படுத்தாது. இருந்தாலும் கடலோர மீனவருக்காக வழக்காடும் ஒரு வக்கீல் நாளைக்கு இதை எடுத்துக்காட்டலாமே! அந்த விசாரணையில் இந்தியாவும் வாதாடியது. அந்த வாதத்தையும் நீதிமன்றக் கருத்தின் சுருக்கத்தையும் தங்கள் நாளிதழ் எளிய தமிழில் வெளியிட வேண்டுகிறேன்.

- ஒரு வாசகர், நாகப்பட்டினம்