ஆகாயத்துக்கு ஒரு கட்டுச்சோறு

கும்பகோணம்

அன்புள்ள வித்யாவுக்கு, அம்மா எழுதுவது.

டிக்கெட் போட்டாச்சு என்று நீ சொன்ன நாளிலிருந்து அப்பா காலண்டரில் ஒவ்வொரு தேதியாக அடித்துக்கொண்டு வருகிறார். எனக்குள் ஓடுவது வேறு கணக்கு. மெல்போர்னிலிருந்து சிங்கப்பூருக்கு ஏறக்குறைய 8 மணி நேரம், அங்கே 5 மணி நேரம் காத்திருப்பு, பிறகு திருச்சிக்கு 4 மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். வீட்டைப் பூட்டிக் கிளம்புவது, வரிசையில் நிற்பது எல்லாம் சேர்ந்தால் 20 மணி நேரம் தாண்டிவிடும். மாப்பிள்ளைக்கு லீவு இல்லை. ஐந்து வயசுப் பையனையும் ஒன்றேகால் வயசுக் குட்டியையும் நீ ஒருத்தியாகக் கூட்டி வர வேண்டும். போனில் இதைப் பேசலாம் என்றால் பாதியில் குட்டி அழுகிறாள், நீ வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். ஒரே மூச்சில் படிக்க வேண்டாம், அவள் தூங்கும்போது படி.

உனக்கு ஞாபகம் இருக்குமோ என்னவோ, அப்பா டெல்லியில் வேலை பார்த்த காலத்தில் ஒவ்வொரு மே மாதமும் நமக்கு இந்த வேலைதான். இங்கிருந்து மெட்ராஸுக்கு ஒரு ராத்திரி, அங்கிருந்து தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் இரண்டு ராத்திரி. எது முதலில் கெடுமோ அதை முதலில் சாப்பிட வேண்டும் என்று பாட்டி சொல்லிக்கொடுத்த வரிசையில்தான் கட்டுவேன். முதல் வேளைக்குத் தயிர் சாதம், அடுத்து மிளகாய்ப்பொடி தடவிய இட்லி, மறுநாளைக்குப் புளியோதரை, அதற்கும் பிறகு சப்பாத்தியும் சர்க்கரையும். பித்தளைக் கூஜாவில் காய்ச்சின தண்ணீர். நாக்பூர் வந்தால் அப்பா இறங்கி ஆரஞ்சு வாங்கி வருவார், அதற்காகவே நீயும் அண்ணாவும் ஜன்னலை விட்டு நகரமாட்டீர்கள். விமானத்தில் நாக்பூர் வராது. கையில் இருப்பதுதான் சாப்பாடு. அந்தப் பழைய வரிசை இன்றைக்கும் சரிதான், ஆனால் ரயிலில் கட்டியது அத்தனையும் விமானத்துக்கு ஆகாது. இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். குட்டி பிறந்த சமயம் அங்கே வந்தேனே, அப்போது வழிக்கு என்று பெரிய பாட்டிலில் நீர்மோர் கலக்கி எடுத்துப் போனேன். விமான நிலையச் சோதனையில் அதை அப்படியே தொட்டியில் போடச் சொன்னார்கள். வெறுங்கையோடு ஏறி, தொண்டை காய்ந்துபோய் உட்கார்ந்திருந்தேன். பெரியவள் நான் பொறுத்துக்கொண்டேன். குழந்தைகள் பொறுக்குமா?

அதனால் தண்ணீர் விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். 100 மில்லிக்கு மேல் எந்தத் திரவமும் சோதனையைத் தாண்டாது. 2006-ல் லண்டனில் விமானங்களைத் தகர்க்கப் போட்ட சதி வெளியே வந்ததே, அதற்குப் பிறகு உலகம் முழுக்க வந்த வழக்கம் இது. தயிர், ஜாம், தேன், பெரியவனுக்குப் பிடித்த வெஜிமைட் விழுது டப்பா எல்லாமே திரவக் கணக்கில்தான் சேரும். வெஜிமைட்டை வீட்டிலேயே ரொட்டியில் தடவி எடுத்துப் போ, அதற்குத் தடையில்லை. குட்டிக்கு வேண்டிய பால், காய்ச்சி ஆறவைத்த தண்ணீர், மசித்த சாப்பாடு ஆகியவற்றுக்கு மட்டும் விலக்கு உண்டு, வழிக்குத் தேவையான அளவு கொண்டுபோகலாம். அவற்றைப் பையின் அடியில் புதைக்காமல் தனிப் பையில் வைத்து, கேட்பதற்கு முன்னால் நீயே எடுத்துக் காட்டு.

பெரியவனுக்கும் உனக்கும் காலி பாட்டில் எடுத்துக்கொள், சோதனை முடிந்ததும் நிரப்பிக்கொள்ளலாம். ஆனால் சிங்கப்பூரில் ஒன்று கவனி. அங்கே பெரும்பாலான கேட்டுகளில் உள்ளே நுழையும் இடத்தில்தான் சோதனையே வைத்திருக்கிறார்கள். வெளியே நிரப்பிய தண்ணீரையும் கடையில் காசு கொடுத்து வாங்கிய ஜூஸையும் அந்த வாசலில் கொட்ட வேண்டியதுதான். முடிந்தவரை குடிக்க வைத்துவிட்டு உள்ளே போ, விமானத்தில் ஏறியதும் பணிப்பெண்ணிடம் பாட்டிலை நீட்டு. உறிஞ்சு குழாய் வைத்த பாட்டிலை மேலே பறக்கும்போது திடீரென்று திறக்காதே. கீழே அடைபட்ட காற்று உள்ளே அழுத்திக்கொண்டிருக்கும், தண்ணீர் பீய்ச்சி அடித்துப் பையன் சட்டையெல்லாம் நனையும். நிமிர்த்திப் பிடித்து, மூடியை மெதுவாகத் தளர்த்தி, காற்றை வெளியே விட்டுவிட்டுக் கொடு.

ஊட்டிக்குப் போனபோது சிப்ஸ் பொட்டலம் பலூன் மாதிரி உப்பியதைப் பார்த்து நீ கைதட்டினாய். ஊட்டி 2,240 மீட்டர் உயரம். விமானம் எவ்வளவு மேலே பறந்தாலும் உள்ளே இருக்கிற காற்றழுத்தம் கிட்டத்தட்ட ஊட்டி உயரத்துக்கு இருக்கிற மாதிரிதான் வைப்பார்கள். பொட்டலம் உப்புகிற மாதிரியே பிள்ளைகள் வயிற்றுக்குள் இருக்கிற காற்றும் விரியும். அன்றைக்குக் கொண்டைக்கடலை, ராஜ்மா, சோடா எதுவும் வேண்டாம். முதல் நாள் ராத்திரியே லேசாகக் கொடு. காற்றும் அங்கே ரொம்ப வறண்டது, நம் கோடைக்கால மத்தியானத்தை விட வறட்சி. தாகம் என்று குழந்தை சொல்லும்வரை காத்திருக்காதே, அரை மணிக்கு ஒரு தடவை இரண்டு மடக்குக் கொடு. ஜூஸ் கொடுத்து அழுகையை நிறுத்தலாம் என்று மட்டும் நினைக்காதே. நான் வந்தபோது முன்வரிசைப் பிள்ளைக்கு டப்பா டப்பாவாக ஆப்பிள் ஜூஸ் கொடுத்தார்கள், இறங்கும் நேரத்தில் அது அத்தனையையும் வாந்தி எடுத்தது. அந்தத் தாயின் முகம் இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது.

சாப்பாட்டுக்கு வருகிறேன். பொடி இட்லிதான் ராஜா, இதில் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன். சின்னச் சின்ன இட்லியாக ஊற்றி, நன்றாக ஆறியதும் நல்லெண்ணெயும் காரம் குறைத்த பொடியும் புரட்டி டப்பாவில் வை. சிந்தாது, வாடை தூக்காது, ஒரு கையால் ஊட்டலாம். தேங்காய்ச் சட்னி வேண்டவே வேண்டாம். சாதம் கட்டுவதாக இருந்தால் புளியோதரை கட்டு. வடித்த வெள்ளைச் சாதமும் பருப்புச் சாதமும் மூடி வைத்தால் நாலு மணி நேரத்துக்கு மேல் நம்ப முடியாது. வெந்த சோற்றில் வளரும் கிருமி விட்ட நஞ்சு மறுபடி சூடு பண்ணினாலும் போகாது. மேலே போனால் நாக்குக்கு உப்பும் இனிப்பும் மந்தமாகத்தான் தெரியும், விமானச் சாப்பாட்டைப் பிள்ளைகள் ஒதுக்குவதற்கு அதுவும் ஒரு காரணம். புளிப்பு அப்படி ஏமாற்றாது.

கொறிக்க, அங்கே டான்டினாங் பகுதியில் இருக்கிற நம் கடைகளில் பொரியும் அவலும் பொட்டுக்கடலையும் கிடைக்கும் என்றாயே, அது போதும். பொரியை நெய்யில் வறுத்து, கொஞ்சம் உப்பும் மஞ்சளும் போட்டு வை. ஒரு பிடி பொரியைத் தின்னப் பையனுக்குக் கால் மணி நேரம் ஆகும், அந்தக் கால் மணி நேரம் உனக்கு லாபம். ஓமப்பொடி கொஞ்சம், கொட்டை எடுத்துச் சின்னதாக நறுக்கிய பேரீச்சம்பழம் கொஞ்சம். முறுக்கு, சீடை, முழு நிலக்கடலை மூன்றும் குட்டி கைக்கு எட்டவே கூடாது. தொண்டையில் சிக்கினால் அங்கே ஓடிப்போக ஆஸ்பத்திரி கிடையாது. திராட்சையை நீளவாக்கில் நாலாக நறுக்காமல் கொடுக்காதே. கடலை மிட்டாயை நான் இங்கே வாங்கி வைத்திருக்கிறேன், கோவில்பட்டியிலிருந்து வரவழைத்தது. அதை வீட்டில் சாப்பிடட்டும். பக்கத்து சீட்டுப் பிள்ளைக்கு நிலக்கடலை ஒத்துக்கொள்ளாமல் இருக்கலாம், நமக்கு எதற்கு அந்தப் பாவம்.

குட்டிக்குச் சத்துமாவை வறுத்துப் பொடித்து, ஒரு வேளைக்கு ஒரு பொட்டலம் என்று கட்டிக்கொள். வெந்நீர் கேட்டால் விமானத்தில் தருவார்கள். கொதிக்கக் கொதிக்க வரும், குட்டியை மடியில் வைத்துக்கொண்டு வாங்காதே. பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு நிமிஷம் பிடித்துக்கொள்ளச் சொல்ல வெட்கப்படாதே. ஃபார்முலா கலக்கினால், வாய் வைத்த பாலை ஒரு மணி நேரத்துக்கு மேல் வைத்துக் கொடுக்காதே, கொட்டிவிடு.

எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுத் தலைக்கு மேலே வைத்துவிடாதே. பெரியவன் இரண்டு வயசில் வந்தபோது என்ன நடந்தது என்று நீயே சொன்னாய். விமானம் குலுங்கியது, பெல்ட்டைக் கழற்றக் கூடாது என்றார்கள், சாப்பாடு மேலே, பசி கீழே. ஒரு மணி நேரம் அவன் அழுததைச் சொல்லும்போது உன் குரல் உடைந்துவிட்டது. இந்தத் தடவை மூன்று மணி நேரத்துக்கு ஒன்று என்று சின்னத் துணிப்பைகளாகத் தைத்து வைத்துக்கொள், பாட்டி வைத்திருந்த சுருக்குப்பை மாதிரி. அதை முன்சீட்டுக்கு அடியில், உன் கால் படுகிற இடத்தில் வை. ஒவ்வொரு பையிலும் பசிக்கு ஒன்று, கொறிக்க ஒன்று, கூட ஒரு ஈரத்துணி. பெரியவனையே அவிழ்க்கச் சொல், அடுத்த பையில் என்ன இருக்கிறது என்ற நினைப்பிலேயே நேரம் போகும். குழந்தைச் சாப்பாடு வேண்டுமானால் பெரும்பாலும் 24 மணி நேரம் முன்னாலேயே சொல்லிவைக்க வேண்டியிருக்கும், மறந்துவிடாதே. ஆனால் தட்டு வந்துவிட்டது என்பதற்காகத் தூங்கும் பிள்ளையை எழுப்பி ஊட்டாதே. டிசம்பரில் உங்கள் ஊருக்கும் நம்மூருக்கும் ஐந்தரை மணி நேர வித்தியாசம். திருச்சியில் ராத்திரி ஒன்பது என்றால் அவர்கள் வயிற்றுக்கு விடியற்காலை இரண்டரை. வயிறு எந்த ஊர் மணியில் இருக்கிறதோ, அந்த மணிக்குக் கொடு.

காது வலி. இறங்குவதற்கு அரை மணி நேரம் முன்னால் விமானம் தாழத் தொடங்கும், அப்போது விழுங்கிக்கொண்டே இருந்தால்தான் காது அடைப்பு விடும். குட்டிக்குத் தாய்ப்பாலே போதும், அதுவரை பசி மிச்சம் இருக்கட்டும். தூங்கிக்கொண்டிருந்தால் இந்த ஒரு சமயம் மட்டும் எழுப்பு. பெரியவனுக்குத் தண்ணீரைக் குழாயில் உறிஞ்சக் கொடு, சின்னப் பனங்கற்கண்டு ஒன்று கொடுத்து நிமிர்ந்து உட்கார்ந்து சப்பச் சொல். சூயிங்கம் வாங்காதே, சிங்கப்பூருக்குள் அதைக் கொண்டுவர 1992-லிருந்தே தடை.

இப்போது நான் எழுத வந்ததைச் சொல்கிறேன். போன தடவை திருச்சியில் கதவைத் தாண்டி நீ வெளியே வந்தபோது பையன் வயிறு நிறைந்து தூங்கிக்கொண்டிருந்தான். அவனை என்னிடம் கொடுக்கும்போது உன் கை நடுங்கியது. என்னடி சாப்பிட்டாய் என்று கேட்டேன், இரண்டு பிஸ்கட் என்றாய். அன்றைக்கு எதுவும் சொல்லாமல் விட்டேன், இதுநாள்வரை அது மனசில் கிடந்து அரிக்கிறது. அவனுக்கு ஊட்டி மிஞ்சியதைச் சாப்பிடலாம் என்று நினைத்திருப்பாய், மிஞ்சியிருக்காது. நானும் ரயிலில் அப்படித்தான் இருந்தேன், அதனால்தான் தெரியும். இந்தத் தடவை உனக்கென்று தனி டப்பா கட்டு. ஆறு இட்லி, கொஞ்சம் புளியோதரை, நாலு பாதாம். அதைப் பிள்ளைகள் கேட்டாலும் கொடுக்காதே. குட்டிக்குப் பால் கொடுக்கிறவள் நீ. அவர்கள் ஒரு மடக்குக் குடித்தால் நீ ஒரு டம்ளர் குடி.

திரும்பிப் போகும்போது கட்டுவது என் பொறுப்பு. பால்கோவா கேட்காதே, நம்மூர்ப் பால் பண்டத்தை அந்த ஊருக்குள் விடமாட்டார்கள். கறிவேப்பிலையும் பழமும் அப்படியே. கொண்டுபோகிற தின்பண்டம் எதுவானாலும், இறங்குமுன் நிரப்பச் சொல்லும் கார்டில் ஆமாம் என்று டிக் பண்ணிக் காட்டிவிடு. விமானத்தில் கொடுத்த ஆப்பிளைப் பையன் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு இறங்கினால்கூட அங்கே அபராதம். இறங்குவதற்கு முன் அவன் பாக்கெட்டைத் தடவிப் பார்.

நாங்கள் ஏழு மணிக்கே திருச்சி வந்துவிடுவோம். காரில் பிளாஸ்கில் வெந்நீரும், டிபன் கேரியரில் குழைந்த சாதமும் பூண்டு ரசமும் இருக்கும். கல்லணை தாண்டுவதற்குள் நீ சாப்பிட்டிருக்க வேண்டும்.

மாப்பிள்ளைக்கு எங்கள் ஆசீர்வாதம், குழந்தைகளுக்கு முத்தம்.

அன்புடன்,
அம்மா

பி.கு.: பால் பாட்டில் மூடி ஒன்று போன தடவை இங்கேயே தங்கிவிட்டது. நீல மூடி. கழுவி எடுத்து வைத்திருக்கிறேன், புதிதாக வாங்காதே.