மீண்டும் வாயிலில் நிற்கிறோம்

அன்புத் தோழருக்கு,

வணக்கம். பணியிடத்துக்கு நேரில் சென்று தொழிற்சங்க உறுப்பினர்களைச் சந்திக்கும் வேலையை மறுபடி தொடங்கிவிட்டீர்களா என்று போன கடிதத்தில் கேட்டிருந்தீர்கள். தொடங்கிவிட்டோம். இந்தப் பதில் இவ்வளவு தாமதமானதற்கும் அதுவே காரணம்.

உலக சுகாதார நிறுவனம் கொரோனாவைப் பெருந்தொற்று என்று அறிவித்த 2020 மார்ச் மாதத்தில் எங்கள் வாயிற்கூட்டங்கள் நின்றுபோயின. சில வாரங்களுக்கு என்று எண்ணித் தொடங்கிய வாட்ஸ்அப் குழுவும் ஜூம் கூட்டமும் ஆண்டுக்கணக்கில் நீடித்து, அதுவே சங்கப் பணி என்னும் நிலைக்கு வந்துவிட்டது. உலகளாவிய அவசரநிலை முடிவுற்றதாக 2023 மே 5 அன்று அதே நிறுவனம் அறிவித்த பிறகும், பிரதிநிதிகளை உள்ளே அனுமதிக்க நிர்வாகம் தயங்கியது. எல்லாம் தொலைபேசியிலேயே நடக்கும்போது நேரில் எதற்கு என்று கேட்டார்கள். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1971ஆம் ஆண்டுப் பரிந்துரை எண் 143ஐ எடுத்துச் சென்று பேசினோம். பிரதிநிதித்துவப் பணிக்குத் தேவைப்படும் இடங்களில் பணியிடம் எங்கும் செல்ல பிரதிநிதிகளுக்கு அனுமதி தர வேண்டும் என்று அது தெளிவாகச் சொல்கிறது. பரிந்துரை என்பதால் அது எவரையும் சட்டப்படி கட்டுப்படுத்தாது என்பது உங்களுக்குத் தெரியும். ஆனாலும் மூன்றாவது பேச்சுவார்த்தையில் கதவு திறந்தது.

உள்ளே போன முதல் நாளை உங்களுக்குச் சொல்லியே ஆக வேண்டும். மூன்று ஆண்டுகளாக இணையக் கூட்டங்களில் தவறாமல் கலந்துகொண்டு, குறை ஏதும் உண்டா என்று கேட்கும்போதெல்லாம் "ஒன்றும் இல்லை" என்றே சொல்லிவந்த ஒரு பெண் தொழிலாளி, அன்று என்னைத் தம் இயந்திரத்தருகே அழைத்துச் சென்று, உடைந்த பாதுகாப்பு மூடியைக் கம்பியால் கட்டி வைத்திருப்பதைக் காட்டினார். ஏன் முன்பே சொல்லவில்லை என்றதற்கு, வீட்டில் எல்லோரும் கேட்டுக்கொண்டிருக்கும்போது எப்படிச் சொல்வது, குழுவில் எழுதினால் அது மேற்பார்வையாளர் கண்ணில் படாது என்று யார் உறுதி தருவது என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. பாதுகாப்பான, ஆரோக்கியமான பணிச்சூழலை அடிப்படை உரிமைகளுள் ஒன்றாக 2022 ஜூனில் சர்வதேசத் தொழிலாளர் மாநாடு சேர்த்தபோது, அந்தச் செய்தியை நாங்கள் குழுவில் பெருமையோடு பகிர்ந்துகொண்டோம். அந்தக் கம்பியோ எங்கள் கண்ணில் படாமலே இருந்திருக்கிறது.

இணையக் கூட்டங்களை நான் குறைத்துச் சொல்லவில்லை. இரவு ஷிப்டில் இருப்பவர்களும், குழந்தைகளை விட்டு வர முடியாத தாய்மார்களும் அவற்றால்தான் முதன்முறையாகக் கூட்டங்களில் பேசினார்கள். ஆகவே தகவல் சொல்வதற்கு அவற்றை வைத்துக்கொண்டிருக்கிறோம். குறை கேட்பதற்கு மட்டும் நேரில் போகிறோம்.

எனக்குள்ள பெரிய கவலை வேறு. அந்த ஆண்டுகளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள் சங்கப் பிரதிநிதி என்று ஒருவரை நேரில் கண்டதே இல்லை. சந்தா பிடிக்கப்படுவதைத் தவிர சங்கம் என்றால் என்னவென்று அவர்களுக்குத் தெரியவில்லை. பிரதிநிதிகளிலும் பாதிப் பேர் அதே காலத்தில் வந்தவர்கள். அறிக்கை எழுதுவதில் என்னைவிடத் தேர்ந்தவர்கள். ஆனால் ஷிப்ட் முடிந்து களைத்து வருபவரை நிறுத்தி, நோட்டீஸைக் கையில் கொடுத்துவிட்டு, அவராகப் பேசும் வரை பொறுத்து நிற்பதற்கு அவர்களுக்குப் பழக்கமில்லை. முதல் கேள்விக்குக் கிடைக்கும் பதிலோடு நகர்ந்துவிடுகிறார்கள்.

நம் இளமையில் நீங்கள் ஒவ்வொரு உறுப்பினரிடமும் முதலில் போன முறை சொன்ன குறை என்னவாயிற்று என்றே கேட்பீர்கள்; அதற்காகவே ஒரு சிறு குறிப்பேடு வைத்திருந்தீர்கள். அது இன்னும் இருந்தால் எடுத்து வாருங்கள். அடுத்த மாதம் முதல் வாரத்தில் மாலை ஷிப்ட் மாறும் நேரத்துக்கு வந்தீர்களானால், எங்கள் இளம் பிரதிநிதிகளோடு ஒரு மணி நேரம் வாயிலில் நிற்கலாம். எந்த நாள் உங்களுக்கு வசதிப்படும் என்று எழுதுங்கள்.

என்றும் அன்புடன்,
உங்கள் தோழன்